கப்பல்மேல் அம்மாவின் கைநாட்டு

நான் பிறந்த வாரம் கடையில் எருமை மட்டும்தான் இருந்ததாம். அப்பா இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தால் ஒரு மயிலோ மானோ கிடைத்திருக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று, எருமைப் படம் போட்ட வெள்ளி வட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நான் எருமை. எனக்கென்று முறையான பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்துக்கும் லைசென்சுக்கும் மட்டும் பயன்பட்டது.

அக்கா அதிர்ஷ்டக்காரி, அவளுக்குக் கழுகு. அப்பா தனக்கு வாங்கிக்கொண்டது கரடி, அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அம்மாவுக்கு வாங்கியது கப்பல். கல்யாணமான புதிதில் அப்பா வாங்கிய முதல் வட்டு அதுதான்.

வட்டு என்பது அப்பா வைத்த பெயர். பார்க்கக் காசு மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ராஜா தலை கிடையாது, இத்தனைக்குச் செல்லும் என்ற எண் கிடையாது, அரசாங்கத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாரோ ஒரு தனியார் ஆலைக்காரன் ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளியை வட்டமாக வெட்டி, மனம் போன படத்தை அதன்மேல் அடித்து விற்கிறான். யாராவது வாய் தவறிக் காசு என்றால் அப்பாவுக்குப் பொறுக்காது.

"இது நாணயம் இல்ல. வட்டு!"

"நாணயம் இல்லாத ஆளுக்கு நாணயம் இல்லாத வெள்ளி. ஜாடிக்கேத்த மூடி" என்பாள் அம்மா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு கட்டடங்களின் வயிற்றைப் பார்த்தவர். "மேல போவாரு, கீழ வருவாரு, முன்னால மட்டும் ஒரு அடி போக மாட்டாரு" என்று அவருடைய மொத்த வாழ்க்கையையும் அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் மனிதர் வெள்ளிக் கடைக்குப் போய்விடுவார். வட்டை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு வட்டால் மெல்லத் தட்டிக் காதருகே வைத்துக்கொள்வார். சுத்த வெள்ளி என்றால் மணி மாதிரி நீளமாகப் பாடுமாம். அது பாடி முடிக்கும்வரை கடைக்காரர் மற்ற வாடிக்கையாளர்களிடம் பேசக் கூடாது. போலியைக் கண்டுபிடிப்பதற்கென்று சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். அது இதுவரை ஒரு போலியையும் பிடித்ததில்லை, மூன்று ஏடிஎம் கார்டைக் கெடுத்ததுதான் மிச்சம்.

இப்படிச் சேர்ந்தவை மாத்திரைக் குப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழலில், ஒன்றன்மேல் ஒன்றாக, பளபளவென்று இருக்கும். குடும்பத்து நான்கு மட்டும் தனிப் பெட்டி. அந்த நான்கும் கறுத்துப்போயிருக்கும். அதற்குக் காரணம் அம்மா.

புதுப் பெண்டாட்டிக்கு ஆசையாகக் கப்பல் வட்டை வாங்கிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறார். சாப்பிட்ட கையை அரைகுறையாகத் துடைத்துவிட்டு அம்மா அதைக் கட்டை விரலால் நடுவில் பிடித்துவிட்டாள். வெள்ளி சேர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. வட்டை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பசை மெல்ல வெள்ளியைத் தின்னும். "விளிம்பு! விளிம்பு!" என்று அப்பா கத்த, "நீங்களும் உங்க விளிம்பும்" என்று அம்மா அதை அவர் மடியில் எறிந்துவிட்டுப் போனாளாம். அவர் துடைத்து வைத்ததாகத்தான் நினைத்தார். சில மாதம் கழித்துத் திறந்தால் கப்பலின் பாய்மேல் கட்டை விரல் ரேகை, கோடு கோடாகக் கறுப்பில் எழும்பியிருந்தது.

வேறு ஆளாக இருந்தால் பாலிஷ் போட்டிருப்பான். அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. கோபமாக இருக்கும்போது பெட்டியைத் திறந்து, "கைநாட்டு, இங்க வாடி" என்று அம்மாவைக் கூப்பிடுவார். பத்தாவது வரை படித்த அம்மாவுக்கு அந்தச் சொல் சுரீர் என்று ஏறும். அதற்காகவே கூப்பிடுவார். பிறகு நாங்கள் பிறந்தபோது, எங்கள் பிஞ்சுக் கட்டை விரலைத் தலை எண்ணெயில் தொட்டு அவரவர் வட்டில் ஒற்றி எடுத்தார், தன் கரடிமேல் தன் விரலையும் வைத்துக்கொண்டார். உலகத்தில் வெள்ளி சேர்க்கிறவர்களெல்லாம் எதற்குப் பயப்படுவார்களோ, அதை வேண்டுமென்றே செய்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். பெட்டிக்கு ஒரே சட்டம்தான். துடைக்கக் கூடாது.

அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது. அதன் பிறகு அப்பா அக்கா வீட்டில் இருக்கிறார்.

அக்கா வீடு என்றால் அது அத்தான் வீடும்தான், அப்பாவுக்கு இது அடிக்கடி மறந்துபோகும். அத்தான் முலாம் பூசும் பட்டறையில் மேஸ்திரி. குழாய், தாழ்ப்பாள், கதவுக் கைப்பிடி எல்லாம் மங்கிப்போய் அவரிடம் வரும், கண்ணைக் கூச வைத்துத் திரும்பிப் போகும். ரொம்ப நல்லவர். கறை கண்டால் மட்டும் கை சும்மா இருக்காது. அந்த வீட்டுக் குளியலறைக் குழாயில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். "மாப்பிள்ளை தங்கம்தான். உள்ளவரைக்குமா, மேலாப்புலயான்னுதான் தெரியல" என்பார் அப்பா, அத்தான் காதில் விழும்படியாக. அத்தான் சிரிப்பார். அவருக்கு வட்டு கிடையாது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அப்பா அவருக்கென்று ஒரு வாத்துப் படம்கூட வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டி திறக்கப்படும். அன்று நானும் போவேன். அப்பா பெட்டியை மடியில் வைத்தவுடன் அத்தானுக்கு ஒரு வேலை முளைக்கும்.

"மாப்பிள்ளை, மாடியில தண்ணி டேங்க் ரொம்பிடுச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

"மாப்பிள்ளை, வண்டிய வெயில்லயா நிறுத்தினீங்க? பெயின்ட் போயிடும்."

அத்தான் எழுந்து போவார். அவர் திரும்பி வருவதற்குள் பெட்டி மூடப்பட்டிருக்கும். இது எங்களுக்குப் பெரிய தமாஷ். அதாவது எனக்கும் அப்பாவுக்கும். அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து நாளாகியிருந்தது. ஆபரேஷன் என்றாலே, "இருட்டுக் குழியில வேலை பாத்தவனுக்கு எதுக்குடி வெளிச்சம்" என்று வாயை அடைத்துவிடுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பலை எடுத்து என்னிடம் காட்டினார்.

"பாத்தியா எருமை? உங்கம்மா கட்டை விரல். என்ன திமிரா உக்காந்திருக்கு பாரு!"

அவர் காட்டியது வட்டின் பின்பக்கம். அங்கே எடையும் தரமும்தான் எழுதியிருக்கும்.

நான் காரோட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எதிரே தண்ணீர் லாரி வருவது தெரியாமல் கியரைத் தேடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்கிறவள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் எனக்கு ஆகாது. "அப்பா, அது பின்பக்கம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் வட்டைத் திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார், ஜன்னல் பக்கம் சாய்த்தார், மறுபடியும் திருப்பினார். இரண்டு பக்கமும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது போலிருக்கிறது.

"டாக்டர்கிட்ட சொல்லி நாள் குறி" என்றார். "எனக்கு டிவியும் வேணாம், பேப்பரும் வேணாம். அவ கைநாட்ட ஒரு தரம் பாத்துட்டேன்னா போதும்."

அப்பா அந்தத் தொனியில் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை மறைப்பதற்காக, "கண்ணு வந்ததும் முதல்ல உங்க மூஞ்சிய கண்ணாடியில பாருங்க, ஆபரேஷன் ஏன் பண்ணினோம்னு இருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நானும் அக்காவும் ஆஸ்பத்திரியில் பகல் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கண் கட்டை மறுநாள் காலையில் பிரிப்பதாகச் சொன்னார்கள். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிய அப்பாவைச் சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தோம். அத்தான் சமையலறை வாசலில் நின்று, கையை ஆட்டி ஆட்டி எங்களைக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

"மாமாவுக்குப் புதுக் கண்ணு வந்திருக்கு இல்ல? திறந்து பாக்கும்போது பளிச்சுனு இருக்கட்டும்னு ஒரு வேலை பண்ணேன்" என்று பெட்டியைத் திறந்தார்.

கப்பல், கரடி, கழுகு, எருமை. நான்கும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவை மாதிரி மினுங்கின.

"அந்தக் குழல்ல இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இந்த நாலும்தான் பாவமாக் கெடந்துச்சு. பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி, மருந்துல முக்கி, துணிச் சக்கரத்துல நானே புடிச்சு மெருகேத்தினேன். வேற யார் கையிலயும் குடுக்கல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பு மேடையில் சாய்ந்துவிட்டாள். நான் எருமையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எருமை மட்டும்தான் இருந்தது. என்னுடைய பிறந்த வாரத்துக் கட்டை விரலைப் பற்றி நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அன்று அது இல்லையென்று தெரிந்ததும் வட்டைத் திருப்பித் திருப்பித் தேடினேன். அதற்குமேல் கப்பலை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

"ரேகை எங்க அத்தான்?"

"எந்த ரேகை?"

அவருக்குத் தெரியாது. நடிக்கவில்லை, சத்தியமாகவே தெரியாது. அக்கா சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த பல் ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. "கறைன்னு நெனச்சேன்" என்றார். "நான் கறைன்னுதாம்மா நெனச்சேன்." இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால், கப்பல் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். எங்களுக்கு உண்மையிலேயே கவிழ்ந்துதான் இருந்தது. மூன்று பேரும் மூன்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தோம். அந்த மனிதர் தன் கண்ணை அறுக்கக் கொடுத்ததே அந்த ஒரு விரலுக்காக. காலையில் கட்டுப் பிரித்ததும் அவர் கேட்கப்போகும் முதல் பொருள் அது.

யோசனை சொன்னது நான்தான். "எனக்கு அம்மா கைன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? அதே குட்டை விரல். திரும்பி வெச்சுட்டாப் போச்சு."

"ரேகை எழும்ப மாசக் கணக்காகுமேடி" என்றாள் அக்கா.

அத்தான் தலை நிமிர்ந்தார். "ஆகாது. பட்டறையில கறுப்பேத்தற மருந்து இருக்கு."

அவர் போய்க் கொண்டுவந்த குப்பியைத் திறந்ததும் ஊரில் உள்ள அழுகின முட்டையெல்லாம் எங்கள் சமையலறைக்கு வந்த மாதிரி நாறியது. மருந்தில் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து, அதில் என் கட்டை விரலை ஒற்றி, வெள்ளியில் வைக்க வேண்டும். முதலில் என் எருமைமேல் பழகினோம். இரண்டு தடவை அப்பிக்கொண்டது, எருமைக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிற்று. அத்தான் அதை மறுபடி துடைத்துக்கொடுத்தார். துடைப்பதில் மட்டும் எங்களுக்குக் குறைவே இல்லை.

பிறகு கப்பல். அத்தான் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் விரலை நேராக இறக்கி, அழுத்தி, நேராக எடுத்தேன். சுழி சுழியாகக் கோடு விழுந்தது. பத்திர ஆபீசில்கூட அவ்வளவு சுத்தமாக விழாது. கரடிக்கு அத்தானின் கட்டை விரல், எங்கள் பிஞ்சு ரேகைகளுக்கு அக்காவின் சுண்டு விரல் நுனி. அத்தான் அதையும் இதையும் சாய்த்துப் பார்த்து, "அசல் தோத்துடும்" என்றார். அந்த நிலைமையிலும் தொழில் பெருமை.

மறுநாள் காலை கட்டுப் பிரித்து, அப்பா கறுப்புக் கண்ணாடியோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "எருமை, பெட்டி" என்றார். அத்தான் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, டேங்க் ரொம்பிடுச்சான்னு பாருங்களேன்." அத்தான் இவ்வளவு சந்தோஷமாக மாடி ஏறி நான் பார்த்ததில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கப்பலை விளிம்பில் பிடித்து எடுத்தார். இந்த முறை பின்பக்கம் வந்ததும் தானாகவே திருப்பினார். பார்த்தார். அக்கா என் கையை நகம் பதிய இறுக்கினாள்.

"ரொம்பத் தெளிவா இருக்கே" என்றார்.

"புதுக் கண்ணு இல்லப்பா, அதான்" என்றேன்.

"கோடு கோடா எண்ணலாம் போல இருக்கு."

"டாக்டர் அப்படித்தான் சொன்னாரு. எல்லாம் பளிச்சுனு தெரியுமாம்."

அவர் வட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் கத்தினேன்ல, விளிம்பு விளிம்புன்னு. அதுல அவ வெடுக்குனு கையப் புடுங்கினா. ரேகை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். சின்னதா வால் மாதிரி. பாய்மரத்துலேர்ந்து தண்ணி வரைக்கும்." நிறுத்தினார். "இதுல வால் இல்லயே."

பிறந்ததிலிருந்து அந்த வட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். வாலை நாங்கள் கவனித்ததே இல்லை.

"இது பொறுமையா வெச்ச கை. உங்கம்மா எதைப் பொறுமையா வெச்சா? எருமை, உன் விரலக் காட்டு."

நான் முஷ்டியை மடக்கிப் பின்னால் கொண்டுபோனேன். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் காட்டினேன். கட்டை விரல் நகக்கண் வரை கறுத்துக் கிடந்தது, எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தான் படியிறங்கி வந்து, "டேங்க் இன்னும் ரொம்பல மாமா" என்றார்.

நீட்டியிருந்த என் கறுத்த விரலைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒளிக்கத் தெரியாத மனிதர். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், பட்டறை, மருந்து, துணிச் சக்கரம், அழுகின முட்டை, கரடிமேல் இருப்பது தன்னுடைய விரல் என்பது வரை. கேட்கக் கேட்க அப்பாவின் கழுத்து நரம்பு எழும்பியது.

"அவ வெச்சுட்டுப் போனது அது ஒண்ணுதான்யா! போட்டோவுல இருக்கறது அவ மூஞ்சி, இது அவ தொட்டது. இதுக்காகத்தான்யா கண்ணக் குடுத்தேன். அதப் போயி... துடைக்கக் கூடாதுன்னு தெரியாதா உமக்கு?"

அப்பா அவரை உமக்கு என்று அதட்டியது அதுதான் முதல் தடவை.

"தெரியாது மாமா."

"எட்டு வருஷமா இந்தக் குடும்பத்துல இருக்கீரு! வாராவாரம் பெட்டியத் திறக்கறோம்! யாருமே சொல்லலயா?"

"எப்பப்பா சொல்றது?"

கேட்டது அக்கா. அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க பெட்டிய எடுத்ததும் அவர் எழுந்து வெளிய போயாகணும். இன்னிக்கும் அனுப்பினீங்க. இவ்வளவு நாள்ல இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அவர் பாத்தது நேத்துதான். அதுவும் நீங்க வீட்டுல இல்லாததால."

நான் தரையைப் பார்த்தேன். அந்த டேங்க் ஜோக்குக்கு ஒவ்வொரு வாரமும் சிரித்தவள் நான்.

அப்பா கப்பலை உள்ளங்கையில் வைத்து மூடினார். விளிம்பைப் பற்றியெல்லாம் அவர் அப்போது நினைக்கவில்லை. அத்தானை நிமிர்ந்து பார்த்தார். புதுக் கண்ணால் அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார், நின்று நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப, அவ கைநாட்டத் துடைச்சது நான்தான்" என்றார்.

"ஐயோ இல்ல மாமா, நான்தான்" என்றார் அத்தான் பதறிப்போய். "பட்டறையில நாலு பேரு பாத்தாங்க."

கண்ணில் ஒரு வாரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதை அப்போது அப்பாவிடம் சொல்ல எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.